கருத்தரிப்பு சிகிச்சைக்குத் தனிச்சட்டம் எப்போது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மலேசியாவில் இந்தியர் எண்ணிக்கை ஏழு விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிட்டது, இளையோர் பிள்ளை பெற்றுக்கொள்ள வேண்டும் என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். பிள்ளைக்காகத் தவம் கிடக்கும் தம்பதிகளைப் பற்றி மட்டும் பேச்சே இல்லை.

என் தங்கையும் அவள் கணவரும் கோலாலம்பூரில் ஒரு தனியார் மையத்தில் ஐவிஎப் (உடலுக்கு வெளியே கருவை உருவாக்கிக் கருப்பையில் வைக்கும் சிகிச்சை) செய்துகொண்டவர்கள். மிச்சக் கருக்களை உறைய வைக்க ஒரு ஒப்புதல் படிவம் தந்தார்கள். பக்கம் பக்கமாக ஆங்கிலம். விவாகரத்தானால் கருவை என்ன செய்வது, ஒருவர் இறந்துவிட்டால், ஆண்டுக் கட்டணம் நின்றுபோனால் என்று வரிசையாகக் கட்டங்கள். ஊசி போட்டுப் போட்டு வயிறு உப்பிப்போய் உட்கார்ந்திருந்தவளிடம் பேனாவைக் கொடுத்து, "இங்கே, இங்கே, அப்புறம் இங்கே" என்று விரலால் காட்டினார் தாதி. அவளும் போட்டாள்.

பிறகு மாப்பிள்ளைக்குப் பினாங்குக்கு மாற்றல். கருக்களை அங்குள்ள மையத்துக்கு அனுப்பக் கேட்டபோது மாதக்கணக்கில் இழுத்தடித்தார்கள். யாரிடம் முறையிடுவது? 1998ஆம் ஆண்டுத் தனியார் மருத்துவமனைச் சட்டம் பெரும்பாலும் மையத்துக்கு உரிமம் தருவதையும் அதை நடத்தும் முறையையும் பற்றியது. மலேசிய மருத்துவ மன்றம் 2006இல் வெளியிட்ட வழிகாட்டியை மீறினால் டாக்டர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம். தம்பதிக்கு அதனால் உரிமை ஒன்றும் வந்துவிடாது. உறைந்த கருவை எத்தனை ஆண்டு வைக்கலாம், மையம் மூடப்பட்டால் யார் பொறுப்பு என்று சொல்லும் தனிச்சட்டம் நம்மிடம் இல்லை. பிரிட்டன் 1990இலேயே சட்டம் இயற்றி, கண்காணிக்க ஓர் ஆணையத்தையும் வைத்துவிட்டது.

அதற்காக எந்தச் சட்டமாவது வரட்டும் என்று சொல்லவில்லை. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் 2024 பிப்ரவரியில் அம்மாநில உச்ச நீதிமன்றம், உறைந்த கருவும் சட்டப்படி குழந்தைதான் என்றது. சில நாட்களிலேயே அங்குள்ள சில மையங்கள் சிகிச்சையை நிறுத்தின. ஊசி போட்டுக்கொண்டிருந்த பெண்கள் நடுவழியில் நின்றார்கள். மார்ச்சில் அவசர அவசரமாக ஒரு சட்டம் போட்ட பிறகுதான் மறுபடி கதவு திறந்தது. ஆகவே நமக்கு வரும் சட்டம், சிகிச்சை பெறும் உரிமையை முதலில் எழுதிவிட்டுப் பிறகு கட்டுப்பாடுகளுக்குப் போகட்டும்.

செலவு இன்னொரு தலைவலி. தனியாரில் ஒரு சுற்றுக்கு 15,000 ரிங்கிட்டுக்குக் குறைந்து நான் கேள்விப்பட்டதில்லை. அரசு மருத்துவமனைகளில் ஐவிஎப் செய்யும் இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இபிஎப் (ஊழியர் சேமநிதி) பணத்தை எடுக்கலாம் என்கிறார்கள். அது நம் முதுமைக்கு வைத்த பணம், சலுகை என்று சொல்வதற்கு என்ன இருக்கிறது? வரிக்கழிவு உண்டு, வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் வாங்குபவர்களுக்கு.

திருமணமாகாத பெண்கள் விஷயமும் இருக்கிறது. புற்றுநோய் சிகிச்சைக்கு முன் கருமுட்டையை உறைய வைக்க நினைக்கும் இருபத்தைந்து வயதுப் பெண் எதை நம்பிச் செய்வாள்? சிங்கப்பூரில் 2023 ஜூலை முதல், மருத்துவக் காரணம் இல்லாவிட்டால்கூட 21 முதல் 37 வயதுப் பெண்கள் உறைய வைக்கலாம் என்று விதியிலேயே இருக்கிறது.

கருத்தரிப்பு சிகிச்சைக்கான மசோதா பற்றிச் சுகாதார அமைச்சு பல ஆண்டுகளாகப் பேசிக்கொண்டுதான் இருக்கிறது. அது இப்போது யார் மேசையில் கிடக்கிறது என்று நம் நாடாளுமன்ற உறுப்பினர்களில் ஒருவராவது அவையில் எழுந்து கேட்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
செந்தூல், கோலாலம்பூர்