தூர்வாரும் முன் ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்கள்

தருமபுரி மாவட்டத்தில் ஓடைகளைத் தூர்வாரத் திட்டம் போடும் அதிகாரிகளுக்கும் ஊராட்சித் தலைவர்களுக்கும் வணக்கம். பென்னாகரம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

போன கோடையில் எங்கள் ஊருக்கு மேலே இருக்கும் காட்டோடையில் ஜேசிபி இறங்கியது. இரண்டே நாள். கல்லும் மணலும் கரையேறின, புங்கமரங்கள் சாய்ந்தன, வளைந்து வளைந்து வந்த ஓடை ரோடு மாதிரி நேராகிவிட்டது. "எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்க" என்றார் வேலையைப் பார்த்துக்கொண்டவர். சுத்தமாகத்தான் இருந்தது.

அதற்கு முந்தைய தை மாதம் அதே இடத்தில் என் மகள் ஒரு கல்லைப் புரட்டினாள். அடியில் தட்டையாக ஒரு பூச்சி, மூன்று வால். வயிற்றின் இரு பக்கமும் இறகு போன்ற செவுள்கள் படபடவென்று துடித்தன. மேஃப்ளை என்ற பறக்கும் பூச்சியின், தண்ணீரில் வாழும் இளம்பருவம் அது. பக்கத்தில் மணல் மணிகளை ஒட்டிச் செய்த குழாய் ஒன்று, அரை அங்குலம்கூட இருக்காது. தூசி என்று தட்டப்போனவள், அது தலையை நீட்டி நகர்ந்ததும் கையை இழுத்துக்கொண்டாள். காடிஸ் பூச்சியின் புழு. வாயருகே சுரக்கும் பட்டு நூலால் மணலைக் கோத்துத் தனக்கு வீடு கட்டிக்கொள்ளும்.

இதெல்லாம் பூச்சிப் பிரியர்களின் வேடிக்கை என்று நினைக்காதீர்கள். கரை மரத்து இலை தண்ணீரில் விழுகிறது. பூஞ்சை பிடித்து மெதுமெதுவென்று ஆனபின் பூச்சிகளும் நண்டுகளும் அதைக் கடித்துத் துணுக்காக்குகின்றன. கீழே வலை பின்னி உட்கார்ந்திருக்கும் வேறு பூச்சிகள் மிதந்து வரும் துணுக்குகளைப் பிடித்துத் தின்கின்றன. அந்தப் பூச்சிகள் மீனுக்கு இரை. நீங்கள் குப்பை என்று வாரியது இந்தச் சமையலறையைத்தான்.

நேரம் வேறு தப்பு. சித்திரையில் ஓடை வற்றியிருப்பதால் இயந்திரம் இறக்க வசதி, சரி. ஆனால் மிச்சமிருக்கும் உயிர்கள் அப்போதுதான் நாலு குட்டையிலும் ஈர மணலுக்கடியிலும் ஒடுங்கி மழைக்குக் காத்திருக்கும்.

ஸ்வீடன், பின்லாந்து காடுகளில் இதே வேலையை நமக்கு முன்பே செய்து பார்த்துவிட்டார்கள். வெட்டிய மரங்களை மிதக்கவிட்டு ஆலைக்குக் கொண்டுபோக, 19ஆம் நூற்றாண்டு தொடங்கிப் பல ஓடைகளில் பாறைகளை அகற்றினார்கள். பிறகு லாரி வந்தது, மிதக்கவிடும் தேவை போயிற்று. இப்போது அதே பாறைகளை இயந்திரம் வைத்து மறுபடி ஓடைக்குள் உருட்டிவிடுகிறார்கள். கல்லைப் போட்ட கையோடு எல்லாம் திரும்பிவிடவும் இல்லை. இலையைப் பிடித்து நிறுத்தும் பாசி கல்லில் ஏறவே வருடக்கணக்கில் ஆகிறது. பனி உருகும் குளிர்த் தண்ணீர் அவர்களுடையது, கோடையில் காயும் ஓடை நம்முடையது. அதனால் அவர்கள் கணக்கு அப்படியே இங்கே பொருந்தாதுதான். ஆனாலும் கல்லை எடுக்க ஒன்று, திருப்பிப் போட ஒன்று என்று இரண்டு செலவையும் நாமும் செய்து பார்க்க வேண்டுமா?

ஏரியைத் தூர்வாருங்கள், பாசன வாய்க்காலைத் தூர்வாருங்கள், சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்குங்கள். நானும் அந்தத் தண்ணீரை நம்பி இருப்பவன்தான். காட்டோடையை மட்டும் வாய்க்கால் கணக்கில் சேர்க்காதீர்கள். பாலத்துக்கடியில் அடைத்திருந்தால் அந்த இடத்தை மட்டும் ஆள் வைத்து எடுக்கலாம். கரை மரமும் குட்டையும் அப்படியே கிடக்கட்டும்.

ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளி அணையில் கழிவு நுரை பொங்கினால் டிவியில் காட்டுகிறார்கள். கல்லடியில் பூச்சி இல்லாமல் போனால் எந்த சேனலும் வராது. அதனால் நீங்களே வந்து பார்க்க வேண்டியிருக்கிறது. மழை ஓய்ந்து தண்ணீர் தெளிந்ததும் ஒரு காலை வாருங்கள். முதலில் ஜேசிபி போன இடம், அப்புறம் அதற்கு மேலே போகாத இடம், இரண்டிலும் பத்துப் பத்துக் கல் புரட்டுவோம். பூச்சியை விட்டுப் பார்க்க வெள்ளைத் தட்டு நான் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
ஓடைக்கரைக்காரன் ஒருவன்