பாம்பன் தம்பிக்கு: அந்தப் பிளாஸ்டர் வட்டத்தை உடைக்காதே

அன்புள்ள தம்பி,

திருவிழாப் பதக்கம் அச்சாகி வந்துவிட்டது, இனி அதற்காக நீ பெரிதாகச் செய்த அந்தப் பிளாஸ்டர் மாதிரி எதற்கு, உடைத்து வாசல் பள்ளத்தில் கொட்டிவிடலாம் என்று நீ சொன்னதாக அம்மா சொன்னார்கள். வேண்டாம். புனிதர் சுரூபங்களுக்குக் கைவிரல் ஒட்டிக்கொடுக்கும் உனக்குப் பிளாஸ்டரைப் பற்றி நான் பாடம் எடுக்கப்போவதில்லை. காசு அடிக்கும் கலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அது என் பைத்தியம்.

உன் கோபம் புரிகிறது. வத்தைப் படகின் பாய் மடிப்பையும் வலையின் ஒவ்வொரு கண்ணையும் இழைத்து இழைத்துச் செய்தாய். பதக்கத்தில் வலை இருந்த இடத்தில் ஒரு மழுங்கல்தான் இருக்கிறது. பட்டறைக்காரரைத் திட்டுகிறாய். பாதிக் குற்றம் கணக்கினுடையது. பத்து அங்குல வட்டம் ஒன்றேகால் அங்குலமாகச் சுருங்கும்போது எல்லாமே எட்டில் ஒரு பங்காகிறது. நீ ஒரு மில்லிமீட்டர் கனத்தில் வைத்த வலைக்கயிறு அங்கே 0.125 மில்லிமீட்டர்தான். போதாததற்கு, முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே அடியில் விழுகின்றன. அச்சின் பள்ளங்களுக்குள் ஏறவேண்டிய உலோகத்தை இரண்டு பக்கமும் பங்குபோட்டுக்கொள்கின்றன. உன் வத்தைக்கு நேர் பின்னால் கோயில் கோபுரம் வருகிறது. இரண்டும் ஒரே இடத்தில் புடைத்து நின்றால் எது நிரம்பும்?

இந்தச் சண்டை உன்னோடு தொடங்கியதல்ல. அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட், பழைய கிரேக்கக் காசுகளைப் போல் நன்றாகப் புடைத்து நிற்கும் காசு வேண்டும் என்று அகஸ்டஸ் செயின்ட்-காடன்ஸ் என்ற சிற்பியிடம் கேட்டார். சிற்பி நோயில் விழுந்திருந்ததால் அவருடைய உதவியாளர் ஹென்றி ஹெரிங் பிளாஸ்டர் மாதிரிகளைத் திருத்தித் திருத்தி, காசு அடிக்கும் அக்கசாலைக்குக் கொண்டுபோனார். 1907-இல் அடித்துப் பார்த்த முதல் இருபது டாலர் தங்கக் காசுகளில் ஒன்றை முழுதாக எடுக்க ஒன்பது முறை வரை அடிக்க வேண்டியிருந்தது. அப்படி அடித்தால் நாட்டுக்கு எப்போது காசு போய்ச் சேரும்? தலைமைச் செதுக்குநர் சார்லஸ் பார்பர் புடைப்பைத் தாழ்த்திய பிறகுதான் வேலை ஓடியது. அதற்குள், அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே, சிற்பி இறந்துவிட்டார். பார்பரைத் திட்டுகிறவர்கள் நிறையப் பேர். எனக்கு அவர்மேல் கொஞ்சம் இரக்கம் உண்டு. எந்திரத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது அவர்தானே.

இன்னொரு கதை உனக்குப் பிடிக்கும். அயர்லாந்து தன் சொந்தக் காசுகளை 1928-இல் வெளியிட்டது. கவிஞர் யேட்ஸ் தலைமையிலான குழு, சிற்பிகளிடம் பிளாஸ்டர் மாதிரிகள் கேட்டு வாங்கி, பெர்சி மெட்காஃப் செய்தவற்றைத் தேர்ந்தெடுத்தது. இரண்டு ஷில்லிங்கில் சால்மன் மீன், அரைப் பென்னியில் குட்டிகளோடு பன்றி. பன்றியைப் பார்த்த வேளாண்மைத் துறையினர் அதன் உடல்வாகு சரியில்லை என்றார்கள். சந்தையில் விலை போகும் பன்றி அவர்களுக்கு வேண்டியிருந்தது! மெட்காஃப் மாற்றிக்கொடுத்தார்; யேட்ஸுக்கு அதில் வருத்தம். மக்கள் கையில் புழங்கியது அதிகாரிகளின் பன்றி. சிற்பியின் பன்றி முதல் மாதிரியோடு நின்றுபோனது. உன் அப்பத்தாவின் பெட்டியில் ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட காசு கிடந்தால் எடுத்துப் பார். அந்த முடிசூடிய தலையும் மெட்காஃப் செய்ததுதான்.

நம் பக்கத்துப் பழைய காசுகளுக்கு இப்படியொரு மாதிரியே கிடையாது. இரட்டைக் கயல் பொறித்த பாண்டியர் காசுக்கு, அச்சு வெட்டியவர் காசின் அளவிலேயே, இடவலம் மாற்றி, நேரே உலோகத்தில் குடைந்தார். அச்சு தேய்ந்தால் அவர் கைவேலையும் போயிற்று. பெரிதாகச் செய்து சுருக்கும் எந்திரம் வந்த பிறகே சிற்பிக்குத் தட்டளவு இடம் கிடைத்தது. பிளாஸ்டரிலிருந்து எடுத்த உலோகப் பிரதியின் மேல் ஒரு முனை மெல்லத் தடவிச் செல்லும். மறுகோடியில் வெட்டுமுனை அதே ஏற்ற இறக்கத்தைச் சிறிய எஃகில் வெட்டும். இப்போது பல இடங்களில் அந்தத் தடவும் வேலையை லேசர் ஸ்கேனர் செய்கிறது. எப்படிச் செய்தாலும், விரல் பட்ட கடைசிப் பொருள் பிளாஸ்டர்தான். அதற்கப்புறம் எல்லாம் எந்திரத்தின் கை. உன் மாதிரியில் எழுத்துகளைக் குழி அச்சில் இடவலம் மாற்றிக் கீறி எடுத்தாயே, அந்த ‘ழ’வின் சுழியைப் பதக்கத்தில் தேடிப் பார். இருக்காது.

போட்டோ இருக்கிறதே என்பாய். வெளிச்சம் ஒரு பக்கமாக விழுந்த ஒரே ஒரு நொடிதான் போட்டோவில் இருக்கும். மாதிரி இருந்தால், நாளை பங்குச் சாமியார் பெரிய பதக்கம் கேட்டாலும், நீயே வலைக்கண்களைக் குறைத்து மறுபடி செய்ய நினைத்தாலும், அதிலிருந்தே தொடங்கலாம். குறைக்கத்தான் வேண்டும், தம்பி. நாலு கண்ணை ஆழமாகப் போட்டால் பார்க்கிறவர்கள் மீதி வலையைத் தாங்களே பின்னிக்கொள்வார்கள்.

பாதுகாப்பது சிரமமில்லை, ஆனால் நம் ஊர்க் காற்றை மறந்துவிடாதே. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் கடல்பக்க ஜன்னலருகே வைக்காதே. உப்பு ஏறிய ஈரம் பிளாஸ்டரின் மேல்தோலை அரித்துவிடும். பின்னால் மாட்டுவதற்கு இரும்புக் கம்பி பதித்திருந்தால் துரு வெளியே கசியும், பித்தளைக்கு மாற்று. பிளாஸ்டிக் பையில் கட்டாதே, ஈரம் உள்ளேயே நிற்கும். அடுப்புக்கு மேலே பரணும் வேண்டாம். தொடர்ந்து சூடு பட்டால் பொடியும். பருத்தித் துணி விரித்த மரப்பலகை போதும். தூசியை மெல்லிய தூரிகையால் தட்டு. கழுவாதே, பெயின்ட் அடிக்காதே. பின்பக்கத்தில் உன் பெயரையும் ஆண்டையும் ஆணியால் கீறிவை.

எனக்குக் காட்டவென்று கீழக்கரைக்கு எடுத்து வரவும் வேண்டாம். பஸ்ஸில் ஒரு குலுக்கலில் விளிம்பு போய்விடும். அடுத்த ஞாயிறு நானே பாம்பன் வருகிறேன். வலையை எங்கே குறைக்கலாம் என்று அதை வைத்துக்கொண்டே பேசுவோம்.

அன்புடன்,
கீழக்கரை அண்ணன்