லாங்வுட் சோலைக்கு வா

கோத்தகிரி,
மார்கழி 5

அன்புள்ள வசந்திக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்ததில் எனக்கும் பெரிய நிம்மதி.

கூட்டமில்லாத தீவு ஏதாவது இருந்தால் சொல், நாலு நாள் நடந்துவிட்டு வரலாம் என்று எழுதியிருந்தாய். கப்பலேற வேண்டாம், இங்கே வா. மலை உச்சிப் பள்ளங்களில் நிற்கும் சோலைக்காடும் தீவுதான். மலைக்குளிரில் பழகிய சோலைப் பறவைகள் கீழே வெயில் காயும் சமவெளியைத் தாண்டுவதில்லை. நீ கொடைக்கானலில் பார்த்த சோலைச்சிட்டு ஓர் இனம், நீலகிரியில் இருப்பது வேறோர் இனம். நடுவே பாலக்காட்டுக் கணவாய் கிடக்கிறது. சிரிப்பான் குருவியும் அப்படியே.

லாங்வுட் சோலை ஊரை ஒட்டியே இருக்கிறது. மொத்தமே 116 ஹெக்டேர்தான், சுற்றிலும் தேயிலை. கீழே 18 கிராமங்களுக்கு இதுதான் தண்ணீர் தருகிறது. 2024-இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்த்தார்கள். வனத்துறையின் 'ட்ரெக் தமிழ்நாடு' தளத்தில் முன்பதிவு செய்தால் வழிகாட்டியோடு அனுப்புவார்கள். சின்னக் காடு என்று ஒரு மணி நேரத்தில் முடித்துவிடாதே. உள்ளே வெளிச்சம் குறைவு, பறவை கண்ணில் படுமுன் காதில்தான் விழும். ஓரிடத்தில் இருபது நிமிடம் அசையாமல் நின்றால்தான் சிரிப்பான் கூட்டம் பக்கத்தில் வரும். அரை நாள் ஒதுக்கு. வெளியிலிருந்து கொண்டுவந்து நட்ட சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) நிற்கிற சரிவுகளையும் பார்த்துவிட்டுச் சோலைக்குள் நுழைந்தால், காலடி மண் எவ்வளவு மெத்தென்று ஈரம் பிடித்திருக்கிறது என்பது தெரியும்.

தை மாதம் வா. தென்மேற்கு மழையைத் தொட்டபெட்டா சிகரம் மறித்துக்கொள்வதால் இங்கே பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். அப்போது மண் சரிந்து சாலை அடைபடும். மாசியில் காட்டுத்தீ பயத்தால் நடைபாதைகளை மூடிவிடுவது வழக்கம். மேட்டுப்பாளையத்திலிருந்து 33 கிலோமீட்டர், அரசுப் பேருந்திலேயே வா. சொந்த வண்டி என்றால் நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் (இணைய அனுமதிச் சீட்டு) எடுக்க வேண்டும். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு இங்கே தடை, எவர்சில்வர் பாட்டில் கொண்டு வா.

பாசி படிந்த வேர் வழுக்கும், பிடிமானமுள்ள ஷூ வேண்டும். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது. மழை பெய்திருந்தால் அட்டை ஏறும்: பேன்ட் நுனியைச் சாக்ஸுக்குள் செருகிக்கொள். கடித்துவிட்டால் பிய்த்து இழுக்காமல், வாய்ப்பக்கம் நகத்தை வைத்து நகர்த்து. ரத்தம் உறையவிடாத ஒன்றை அது உள்ளே செலுத்துவதால் கொஞ்ச நேரம் கசியும், பயப்படாதே.

பயப்பட வேண்டியது காட்டுமாட்டுக்கு. தேயிலைத் தோட்டத்திலேயே மேயும். சாதுவாகத் தெரிகிறதே என்று போட்டோ எடுக்கக் கிட்டே போகிறவர்கள்தான் குத்துப்படுகிறார்கள். தனியாக நிற்கும் கடாவையும் கன்றோடு இருக்கும் பசுவையும் கண்டால் ஓடாமல், முகம் திருப்பாமல் பின்வாங்கு. கரடி அந்தியில் இறங்கும், ஐந்தரைக்குள் வீடு சேர்ந்துவிட வேண்டும்.

மறுநாள் கன்னேரிமுக்கில் அந்நாள் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் கட்டிய பங்களாவைப் பார்க்கலாம், இப்போது அருங்காட்சியகம். தை முதல் வாரத்துக்குள் வந்தால் பேரகணி ஹெத்தையம்மன் பண்டிகையும் கிடைக்கக்கூடும். தேதியை விசாரித்து எழுதுகிறேன். ஹெத்தையம்மனைக் கும்பிடும் இந்த மலையின் படகர் இன மக்கள் வெள்ளை உடுத்திக் கால்நடையாக வருவார்கள். கேட்காமல் கேமராவைத் தூக்காதே. ஹட்டி (படகர் ஊர்) வீட்டில் ராகி ஹிட்டும் (களி) அவரைக்குழம்பும் கொடுத்தால் மறுக்காமல் சாப்பிடு.

எந்த நாள் தோது என்று உடனே எழுது, சனி ஞாயிறு வேண்டாம்.

அன்புடன்,
மல்லிகா