எலிக்குட்டிகள் சொல்லித் தந்தது

ஆசிரியருக்கு வணக்கம்.

எலிக்குட்டியின் மூளையில் எக்ஸ்-கதிர் பாய்ச்சினார்கள் என்றதும் கொடுமை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். எனக்கும் மனசு கேட்கவில்லைதான். ஆனால் எலி பிறக்கும்போது, உடல் அசைவை ஒழுங்குபடுத்தும் அதன் சிறுமூளை பாதிதான் தயார், அதிலுள்ள சிறுமணி செல்கள் என்ற சின்னஞ்சிறு நரம்புச் செல்கள் பிறந்த பிறகு சுமார் மூன்று வாரத்தில்தான் பெருகுகின்றன. அமெரிக்காவில் நரம்பியல் ஆய்வாளர் ஜோசப் ஆல்ட்மன் குழுவினர் 1960, 70களில் அந்த இடத்துக்கு மட்டும் குறைந்த அளவு கதிரைச் செலுத்திப் பார்த்தார்கள். பிரிந்து பெருகிக்கொண்டிருந்த அந்தச் செல்கள் அழிந்தன. பிறக்கும் முன்பே பெருகி முடித்திருந்த பர்கின்ஜி செல்கள் என்ற பெரிய நரம்புச் செல்கள் தப்பின, ஆனால் பக்கத்தில் சிறுமணி செல்களின் துணை இல்லாததால் அவற்றின் கிளைகள் நிமிராமல் கோணலாக வளர்ந்தன.

மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மூளைக்கட்டி வந்தால் டாக்டர்கள் கதிர்சிகிச்சையை முடிந்தவரை தள்ளிப்போடுவதும் வளரும் மூளை பாதிக்கப்படுமே என்று அஞ்சித்தான். சரி, அதற்காகத் தெரிந்ததையே மறுபடி நிரூபிக்க இன்னொரு குட்டியைக் கதிருக்கு அடியில் வைக்காதீர்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்