எல்லை தாண்டிய விபத்தும் இழப்பீட்டு அலைச்சலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேனி மாவட்டம் கூடலூர், கம்பம் பகுதிகளிலிருந்து குமுளி, வண்டிப்பெரியாறு, நெடுங்கண்டம் பக்கத்துத் தோட்டங்களுக்கு நாள்தோறும் வேலைக்குப் போய்வருவோரில் பலர் இப்போது ஜீப்புக்குக் காத்திருப்பதில்லை. சொந்த மோட்டார் சைக்கிளிலேயே மலையேறுகிறார்கள். அவர்களில் ஒருவர் கேரள எல்லைக்குள் வேறொரு வண்டி மோதி அடிபட்டால், அதன்பின் காப்பீட்டு நிறுவனத்திடம் அவர் படும் பாட்டைப் பற்றியதே இக்கடிதம்.

நான் கணக்கு எழுதும் ஏலத்தோட்டத்தின் தொழிலாளி ஒருவர், சென்ற மழைக்காலத்தில் கேரளப் பதிவெண் கொண்ட ஜீப் மோதித் தொடை எலும்பு முறிந்து மருத்துவமனையில் கிடந்தார். அந்த ஜீப்பின் காப்பீட்டு நிறுவனத்துக்காக விசாரிக்க வந்தவர், மலையாளத்தில் எழுதப்பட்ட ஒரு வாக்குமூலத்தை நீட்டி, நடந்ததைத்தான் எழுதியிருப்பதாகச் சொல்லிக் கையெழுத்துக் கேட்டிருக்கிறார். மலையாளம் பேசத் தெரிந்தவர்கள் எங்கள் பக்கத்தில் ஏராளம். வாசிக்கத் தெரிந்தவர்கள் சொற்பம். நல்லவேளையாகத் தொழிலாளியின் மனைவி அந்தத் தாளை வாங்கி வைத்துக்கொண்டு, எங்கள் தோட்டத்து மலையாளி மேஸ்திரியிடம் படிக்கக் கொடுத்தார். வளைவில் முந்தப் பார்த்தது தம்முடைய பிழைதான் என்று அடிபட்டவரே ஒப்புக்கொண்டதாக அதில் இருந்தது. கையெழுத்து விழுந்திருந்தால், அவர் பங்குக்கும் கவனக்குறைவு உண்டு என்று சொல்லி இழப்பீட்டில் ஒரு பகுதியைக் கழிப்பதற்கு அந்த ஒரு தாளே போதும்.

அதே நிறுவனத்தின் தேனிக் கிளைக்குப் போனபோது, பாலிசி கேரளத்தில் போட்டது, விபத்தும் அங்கேதான் நடந்தது, ஆகவே எதுவானாலும் தொடுபுழாவில்தான் பார்க்க வேண்டும் என்று கைவிரித்துவிட்டார்கள். இது சட்டத்துக்குப் பொருந்தாத பதில். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆம் பிரிவு, விபத்து நடந்த இடத்தில் மட்டுமன்றி, இழப்பீடு கோருபவர் குடியிருக்கும் இடத்துக்குரிய மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலும் மனுச் செய்யலாம் என்று தெளிவாகவே சொல்கிறது. காலில் கம்பி வைத்துக் கட்டியிருப்பவர் மலைப்பாதையில் தொடுபுழாவுக்குப் பேருந்து ஏற வேண்டிய அவசியமே இல்லை. தேனி மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் மனுச் செய்வதற்கு ஆறு மாதக் கெடு விதித்திருக்கிறது. அந்தக் கெடு உச்ச நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளாக்கப்பட்டிருக்கிறது என்றாலும், அலைக்கழிப்பில் கழியும் ஒவ்வொரு வாரமும் நிறுவனத்துக்குத்தான் ஆதாயம் என்பதை மறந்துவிடக் கூடாது.

விபத்தைப் பற்றித் தங்களுக்குத் தகவலே வரவில்லை என்றும் கிளையில் சொன்னார்கள். 2022இல் வந்த விதிகளின்படி, போலீசார் 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் அனுப்பியாக வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கும் நகல் தர வேண்டும். சமரசத்துக்கும் சட்டம் வழி வைத்திருக்கிறது. 149ஆம் பிரிவின்படி நிறுவனம் தன் தொகையைத் தீர்ப்பாயத்தின் முன்னிலையில் முன்வைக்க வேண்டும். அடிபட்டவர் ஏற்றுக்கொண்டால் தீர்ப்பாயம் அதைப் பதிவு செய்யும். பதிவு கைக்குக் கிடைத்த 30 நாட்களுக்குள் நிறுவனம் பணத்தைக் கொடுக்க வேண்டும். மருத்துவமனைக் கட்டிலருகே நின்று, ஒரு சிறு தொகையைச் சொல்லி, ராசியாகப் போய்விடலாம் என்று பேசுவதற்கு அந்தப் பிரிவில் இடமில்லை.

எங்கள் ஆட்களிலும் தம் வண்டியின் காப்பீட்டைப் புதுப்பிக்காமல் மலையேறுபவர்கள் உண்டு. அது கண்டிக்க வேண்டியதுதான். ஆனால் அந்த ஒரு காரணத்துக்காக, மோதிய வண்டியின் காப்பீட்டிலிருந்து அவர்களுக்குச் சேர வேண்டியது இல்லாமல் போய்விடாது. கிளை அலுவலகங்களில் அதையும் சொல்லி மிரட்டுகிறார்கள்.

தமிழ் பேசுபவரிடம் வாங்கும் வாக்குமூலம் தமிழில் எழுதப்பட வேண்டும், அதன் நகல் அவரிடமே கொடுக்கப்பட வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் நிறுவனங்களுக்கு உத்தரவிட வேண்டும். மலையாளத்தில் உள்ள முதல் தகவல் அறிக்கையையும் காயச் சான்றையும் தமிழாக்கும் செலவு இப்போது அடிபட்டவர் தலையில்தான் விழுகிறது. தேனி, இடுக்கி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் இரண்டும் பேசி அதை ஏற்றுக்கொள்ளலாம். எங்கே மனுச் செய்யலாம், எத்தனை நாளைக்குள் செய்ய வேண்டும் என்ற விவரத்தைக் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு சோதனைச் சாவடிகளில் இரு மொழியிலும் பலகையாக எழுதி வைக்கும்படி இரு மாவட்ட ஆட்சியர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஏலத்தோட்டக் கணக்கர் ஒருவர்,
கூடலூர், தேனி மாவட்டம்.