அடித்தண்ணிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மக்கா,

எட்டு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது என் சட்டைக் கறையெல்லாம் அவள் கண்ணில்தான் படுகிறது. குவைத் வெயில் எப்படி? சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன்னை முதன்முதலில் ‘அடித்தண்ணி’ என்று கூப்பிட்டவன் நான்தான். காற்றடித்தால் கடலின் அடித்தண்ணி மேலே ஏறி வரும் என்று உன் தாத்தா சொன்னதை வகுப்பில் சொல்லி அடி வாங்கினாயே, அதுதான் சரி என்று போன வாரம் தெரிந்தது.

குளச்சலில் வாங்கிய சாளையை, அதுதான் மத்தி மீனை, அம்மா அரிந்துகொண்டிருந்தாள். வயிற்றைக் கீறினால் பச்சையாகக் களிம்பு. ‘கெட்டுப்போச்சோ?’ என்றாள். கெடவில்லை. அத்தனையும் டயாட்டம், கண்ணுக்குத் தெரியாத கடல்பாசி. ஆனி, ஆடியில் இது எங்கிருந்து இவ்வளவு வருகிறது என்று தேடப்போய்த்தான் மாட்டிக்கொண்டேன்.

தென்மேற்குப் பருவக்காற்று என்று இருபது வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். ஆனால் நம் குமரி மேற்குக் கரையில் அது வடமேற்கிலிருந்து கரையை ஒட்டிச் சாய்ந்து அடிக்கிறது. நம் மணலில் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று பார். இடக்கைப் பக்கம் மாதா கோயில், வலக்கைப் பக்கம் ஆழ்கடல். பூமி சுற்றுவதால் மேல்தண்ணீர் காற்று போகிற திசையில் போவதில்லை, வலப்பக்கம் ஒதுங்குகிறது. அடுக்கடுக்காகக் கீழே போகப்போக இன்னும் திரும்பி, மொத்தத்தில் காற்றுக்குச் செங்குத்தாக, கரையை விட்டு விலகிப் போகிறது. அந்தக் காலி இடத்தை நிரப்பக் குளிர்ந்த அடித்தண்ணீர் ஏறி வருகிறது. 1893-ல் தொடங்கிய பயணத்தில் நார்வே நாட்டு ஆய்வுப்பயணி நான்சென் தன் கப்பலோடு வடதுருவப் பனியில் உறைந்து கிடந்தபோது, பனிக்கட்டி காற்றுக்கு வலமாகவே நகர்வதைக் கவனித்தார். சுவீடன் நாட்டுக் கடலியலாளர் எக்மான் அதற்குக் கணக்குப் போட்டு 1905-ல் எழுதினார். உன் தாத்தா கணக்கே போடாமல் சொல்லிவிட்டார். அதற்கு உனக்குப் பிரம்படி!

இன்னொன்று கேள். காற்று பலக்கும் முன்பே இந்த ஏற்றம் தொடங்கிவிடுகிறதாம். வங்காள விரிகுடாவில் கிளம்பும் அலைகள் இலங்கையைச் சுற்றி வந்து, நம் பக்கத்தில் குளிர்த்தண்ணீரை மெல்ல மேலே தூக்கிவைக்கின்றன. மிச்சத்தைக் காற்று பார்த்துக்கொள்கிறது. மேலே செத்ததெல்லாம் அடியில் போய் மட்கி நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கேட்டாகக் கிடக்கும். அங்கே வெளிச்சம் கிடையாது, பாசி முளைக்காது. நம் வீட்டு உரக்குழியைக் கிளறி வயலில் போட்டதுபோல் அது மேலே வந்ததும் பச்சை பிடிக்கிறது. சாளை கூட்டமாக வருகிறது. பெரு நாட்டுக் கரையில் நெத்திலி கொழிப்பதும் இதே வித்தைதான். அங்கே, பூமத்தியரேகைக்குத் தெற்கே என்பதால், தண்ணீர் இடப்பக்கம் ஒதுங்கும்.

அப்புறம், என் தூக்கத்தைக் கெடுப்பதையும் சொல்லிவிடுகிறேன். உரத்தோடு வரும் அந்தத் தண்ணீரில் பிராணவாயு குறைவு. மட்கும்போதே அது செலவாகிவிடுகிறது. ஏற்றம் குறைந்தால் பட்டினி, மிஞ்சினால் மூச்சுமுட்டல். பக்கத்துக் கேரளத்தில் 2012-ல் கிட்டத்தட்ட 4 லட்சம் டன் சாளை பிடித்தார்கள். 2021-ல் 3,297 டன். ஒரே காரணம் என்று யாரும் கைகாட்ட முடியாது. கடல் சூடாவதும், குஞ்சுமீனை அள்ளியதும் சேர்த்துத்தான். ஆனால் போன வாரம் குளச்சலில் கரமடி, அதாவது கரையில் நின்று இழுக்கும் வலை, இழுத்தவர்கள் முகத்தைப் பார்த்திருந்தால் நீயும் பேசாமல் நின்றிருப்பாய். அவ்வளவு நீளக் கயிறு, முப்பது பேர், கடைசியில் மடியில் ஒரு கூடை சாளை. அதில்தான் ஒரு கிலோ வாங்கினேன். பேரம் பேச வாய் வரவில்லை.

ஆவணியில் லீவு கிடைக்கும் என்றாயே, வா. தண்ணீர் அப்போதும் குளிரும். இந்த முறை நான் முதலில் குதிக்கிறேன். பேரீச்சம்பழம் கொண்டு வராதே, அம்மாவுக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது, ஒளித்துவைத்தாலும் இப்போது கண் தெரிகிறது.

உன்,
பழைய கடைசி பெஞ்சு