இரண்டாம் தவணையும் நுண்கீரைத் தட்டுகளும்: பெற்றோருக்கு அதிபர் கடிதம்

அன்பார்ந்த பெற்றோர்களே, பாதுகாவலர்களே,

வணக்கம். இரண்டாம் தவணை நல்லபடியாக நிறைவடைகிறது. விளையாட்டிலும் தமிழ்த் தினப் போட்டியிலும் பிள்ளைகள் ஆர்வமாகப் பங்குபற்றினார்கள். சிரமதானத்துக்கு வந்து கைகொடுத்த எல்லோருக்கும் நன்றி. தேர்ச்சி அறிக்கைகளை வகுப்பாசிரியர்களிடம் பெற்றுக்கொள்ளலாம்.

தரம் 4, 5 பிள்ளைகள் வீட்டுக்குள்ளேயே நுண்கீரை, அதாவது முளைத்துச் சில நாளிலேயே வெட்டிச் சாப்பிடும் மைக்ரோகிரீன், வளர்த்ததைத் தனியாகச் சொல்ல வேண்டும். வாவிக்கும் கடலுக்கும் நடுவே உள்ள எழுவான்கரையில் பல வீடுகளுக்கு முற்றமே இல்லை. இருந்தாலும் வெறும் மணல். சில கிணறுகளில் தண்ணீரும் உவர். அப்படியிருந்தும் தயிர்ச் சட்டியிலும் ஐஸ்கிறீம் பெட்டி மூடியிலும் தேங்காய்த் தும்புத்தூளைப் பரப்பி, குடிக்கிற தண்ணீரையே தெளித்து, ஜன்னலோரத்தில் கடுகும் வெந்தயமும் பயறும் வளர்த்துக் கொண்டுவந்தார்கள். ஒரு பிள்ளை தினமும் அடிக்கோலால் உயரம் அளந்து கொப்பியில் குறித்திருந்தாள். வித்திலை, அதாவது முளையின் முதல் இலை, விரிந்த அன்று பக்கத்திலேயே படமும் வரைந்திருக்கிறாள். மிகவும் மகிழ்ச்சி.

அந்தத் தட்டுகள் சம்பந்தமாகவே உங்களோடு ஒரு விடயம் பேச வேண்டியிருக்கிறது. சில தட்டுகளில் சோளன் விதை இளஞ்சிவப்பு நிறத்தில் கிடந்தது. அதைச் சுற்றியிருந்த தும்புத்தூளிலும் சாயம் இறங்கியிருந்தது. பிள்ளைகள் ஒருவர் தட்டில் ஒருவர் கிள்ளி ருசி பார்க்கத் தொடங்கும்போதே ஆசிரியை கண்டு நிறுத்திவிட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

எந்த வீட்டிலும் இதைத் தெரிந்து செய்திருக்க மாட்டார்கள். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் பயிர்ச்செய்கை உள்ள குடும்பத்தில் மிச்ச விதை வீட்டில் இருப்பது இயல்பு. பிள்ளை கேட்டதும் எடுத்துக் கொடுத்ததும் அன்பால்தான். ஆனால் அந்த நிறம் விதையின் சொந்த நிறம் இல்லை. மண்ணில் விதை அழுகாமலும் பூச்சி அரிக்காமலும் இருக்க தைராம் போன்ற பங்கசுநாசினியை (பூஞ்சணக் கொல்லி மருந்தை), சில வேளை பூச்சிநாசினியையும் பூசுகிறார்கள். இது சாப்பிடக்கூடாத விதை என்று கண்டவுடன் தெரிவதற்காகவே சாயம் சேர்க்கிறார்கள். கழுவினாலும் முழுதாகப் போகாது. சில மருந்துகள் வேர் வழியாகத் தண்டுக்கும் இலைக்கும் ஏறும். வயலில் சோளன் பொத்தி முற்ற மாதக்கணக்கு ஆகிறது. நுண்கீரையையோ 7 முதல் 14 நாளுக்குள் வெட்டிச் சாப்பிட்டுவிடுகிறோம். மருந்தின் வீரியம் குறைய அங்கே காலமே இல்லை.

ஆகவே இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. அடுத்த தவணையிலிருந்து, என்ன விதை, எங்கே வாங்கியது என்று எழுதி ஒட்டாத தட்டு வகுப்புக்குள் வராது. நிறம் பூசிய விதையில் வளர்த்த தட்டை, பிள்ளை அழுதாலும் ஏற்கமாட்டோம். தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்றுகளும் வேண்டாம். அவற்றின் காயைத்தான் நாம் சாப்பிடுகிறோம். இளம் நாற்று நுண்கீரைக்கு உதவாது, வயிற்றுக்கும் கூடாது. அப்புறம், வயலுக்கு வாங்கிய விதைப் பை சமையலறையில் இருக்கவே கூடாது. தயவுசெய்து இன்றைக்கே எடுத்துப் பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

பலசரக்குக் கடையில் கறிக்கு வாங்கும் கடுகு, வெந்தயம், முழுப்பயறு, கௌபி (தட்டைப்பயறு) போதும். செலவும் குறைவு. பயறையும் கௌபியையும் ஓர் இரவு ஊறவையுங்கள். கடுகுக்கு ஊறல் தேவையில்லை, ஈரத் தும்புத்தூளில் தூவினால் சரி. இரண்டு மூன்று நாள் மூடி வைத்துவிட்டு வெளிச்சத்துக்குக் கொண்டுவாருங்கள். இந்த வறண்ட கச்சான் காற்றில் தட்டு சீக்கிரம் காய்ந்துவிடும், காலையும் மாலையும் தெளிக்க வேண்டும். வேரடியில் வெள்ளையாகப் பஞ்சு போல ஏதும் தெரிந்தால் பதற வேண்டாம்: தண்ணீர் தெளித்ததும் படிந்து மறைந்தால் அது வேர்மயிர். சிலந்தி வலை போல ஒட்டிக்கொண்டு புழுங்கல் நாற்றம் அடித்தால் பூஞ்சணம். அந்தத் தட்டை அப்படியே கொட்டிவிடுங்கள்.

சுத்தமும் முக்கியம். 2011இல் ஜேர்மனியில் முளைவிட்ட வெந்தயத்தோடு தொடர்புபட்ட ஈகோலி கிருமித் தொற்றில் 50இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். வேரோடும் விதையோடும் பச்சையாகச் சாப்பிடும் முளைப்பயிரில் ஆபத்து அதிகம். நுண்கீரையை வேருக்கு மேலே வெட்டி எடுப்பதால் அது குறைகிறது, ஆனால் இல்லாமல் போவதில்லை. கைகழுவிவிட்டுத் தொட வேண்டும், வெட்டியதைக் கழுவ வேண்டும். வீட்டில் கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், வயதானவர்கள் இருந்தால் பச்சையாகக் கொடுக்காமல் சுண்டியோ பருப்புக் கறியில் போட்டுக் கொதிக்கவிட்டோ கொடுங்கள்.

கொஞ்சம் கண்டிப்பாக எழுதிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். வேலைக்குப் போய்க் களைத்து வந்த பிறகும் பிள்ளையோடு குந்தியிருந்து விதை தூவிய தாய்மாரும் தகப்பன்மாரும் அப்பம்மா, அம்மம்மாமாரும் நம் பாடசாலைக்கு எவ்வளவு பெரிய பலம் என்பது எனக்குத் தெரியும். நிறம் பூசிய விதை கொடுத்தவர்களும் அதே அக்கறையோடுதான் கொடுத்தார்கள். விடுமுறையில் மறுபடி விதைக்க விரும்பும் பிள்ளைகள் தும்புத்தூளைப் பாடசாலைத் தோட்டத்தில் எடுத்துச் செல்லலாம். ஒரு பையோடு வந்தால் போதும். விதை பற்றிச் சந்தேகம் இருந்தால் வகுப்பாசிரியரிடம் கொண்டுவந்து காட்டுங்கள், பார்த்துச் சொல்வோம்.

உங்கள் ஒத்துழைப்புக்கு மனமார்ந்த நன்றி.

இங்ஙனம்,
அதிபர்
மட்டக்களப்பு